பரிசத்துக்கு வந்த ஏணி

ரவாங் ஊர் ஏணி ஃபேக்டரியில் சேதுவுக்கு வேலை கிடைத்ததற்குக் காரணம் அவனுடைய மூளை அல்ல, எடை. தொண்ணூற்றாறு கிலோ. அங்கே செய்யும் அலுமினிய மடக்கு ஏணிகளில் ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒன்றை உருவி விரித்து வைப்பார்கள். சேது ஏறி மூன்றாம் படியில் நின்று இரண்டு குதி குதிக்க வேண்டும். படியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ரிவெட் அசையாவிட்டால் ஏணி தேறியது. அவன் சேருவதற்கு முன்னால் அந்த வேலையை இரண்டு மணல் மூட்டைகள் செய்துகொண்டிருந்தன. மூட்டைகளை மேலே தூக்கி வைக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது, சேது தானாகவே ஏறினான். "மணல் மூட்டை ரிட்டையர் ஆச்சு, நான் வந்தேன்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

சிரிப்போடு நின்றிருந்தால் ஊருக்கு நல்லது. பாவி மனுஷனுக்கு ஏணி தலைக்கேறிவிட்டது. காப்பிக்கடையில் சீன முதலாளி தவுக்கே பல்பு மாற்ற ஏறினாலும் சரி, கோயிலில் தோரணம் கட்ட யாராவது ஏறினாலும் சரி, சேது கீழே நின்று ஆரம்பித்துவிடுவான். நாலு காலும் தரையில் பதிந்திருக்கிறதா, நடுக் கம்பி முழுக்க விரிந்து பூட்டியிருக்கிறதா, காலடியில் ரப்பர் தேய்ந்திருக்கிறதா, முகம் படியைப் பார்த்து இருக்கிறதா. கடைசிப் படி நிற்பதற்கு அல்ல. எட்டாத பொருளுக்கு எக்காதே, இறங்கி ஏணியை நகர்த்து. "வயிறு சட்டத்துக்கு வெளிய போச்சுன்னா உயிரும் வெளிய போயிரும்" என்பது அவனே உண்டாக்கிய பழமொழி. தொண்ணூற்றாறு கிலோ ஆள் வயிற்றைப் பற்றிப் பேசுகிறானே என்று கேட்டவர்கள் சிரித்தார்கள், கேட்காதவர்கள் ஓடினார்கள்.

இந்த வாய்தான் திலகத்தின் மூன்றாவது சம்பந்தத்தைக் கெடுத்தது. திலகம் சேதுவின் தங்கை. கலும்பாங் தாண்டி உள்ளே இருக்கிற ரப்பர் எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்து வீட்டில் அப்பா நாராயணசாமியோடு இருந்தாள். அம்மா போனதிலிருந்து அந்த வீட்டுக்கு எல்லாமே அவள்தான். வேலை ஆயாக்கொட்டகையில். பால் வெட்டப் போகிறவர்கள் விட்டுப் போகும் பிள்ளைகளைப் பகல் முழுக்கத் தூக்கிச் சுமப்பாள். வயது இருபத்தொன்பது ஆகிவிட்டது. முதல் சம்பந்தம் ஜாதகத்தில் போயிற்று, இரண்டாவது ஏன் போயிற்று என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது மாப்பிள்ளையின் தகப்பனார் நல்ல மனிதர். சுவரில் இருந்த அம்மாவின் படத்துக்குப் பூப் போடலாம் என்று ஆடுகிற முக்காலியில் ஏறினார். சேது அவரை இடுப்போடு பிடித்துக் கீழே இறக்கி, பத்து நிமிஷம் வகுப்பெடுத்தான். முக்காலி ஏன் ஏணி ஆகாது என்பதுதான் பாடம். அவர் பூவைத் தட்டில் வைத்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிப் போனார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணலுக்கு ஒன்றும் ஆகவில்லை, தங்கச்சிதான் கெட்டாள்.

திலகம் அண்ணனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்று ராத்திரி அவனுக்குச் சோறு போட்டாள், மீன் துண்டைப் பெரியதாகப் பார்த்து வைத்தாள். சேது அந்த மீனைத் தொடாமலே எழுந்தான்.

நாலாவதாக வந்தது சுங்கை ஆயர் தாவார் ஊர்ச் சம்பந்தம். மாப்பிள்ளை வாசு, வீடுகளுக்கும் கடைகளுக்கும் கரண்டு இழுக்கிற வயர்மேன். தாயார் இராஜம்மா கண்டிப்பானவர், வந்து பார்த்தார், பிடித்தது என்றார். எண்பத்து நாலாம் வருஷம் ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிசம் போடுவது, தட்டு மாற்றுவது என்று முடிவானது. சேது மொத்தக் கடவுள்களுக்கும் தேங்காய் நேர்ந்துகொண்டான். திலகம் மட்டும் அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, எனக்கு நீ ஒன்னும் செய்ய வேணாம். அன்னைக்கு ஒரு நாளு மட்டும் ஏணின்னு வாயத் தொறக்காத. இதுவும் போச்சுன்னா இனிமே நான் யாரு முன்னாடியும் தட்டு தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன்."

சேது சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்தான். வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் சத்தியம். ஏணியைக் கொண்டுவர மாட்டேன் என்று அவன் சத்தியம் செய்யவில்லை.

அவன் மனசிலும் ஒரு நியாயம் இருந்தது. மாப்பிள்ளை தினமும் ஏணியில் ஏறிப் பிழைக்கிறவர். அவருக்கு மோதிரம் போடுகிற அண்ணன்மார் ஆயிரம் பேர் இருப்பார்கள், தன் கையால் குதித்துப் பார்த்த எட்டடி ஏணியைச் சீராகக் கொடுக்கிற அண்ணன் எவன் இருக்கிறான்? கையால் குதிக்க முடியாது என்பது வேறு விஷயம். ஃபேக்டரியில் இருந்ததிலேயே நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, பளபளப்புக் கீறாமல் இருக்க அங்கே வழக்கமாகச் சுற்றும் வெள்ளைத் துணியில் சுற்றினான். கல்யாணச் சீருக்கென்று வாங்கிய இலவம்பஞ்சு மெத்தையையும் கூடவே கொண்டுபோய்விடலாம் என்று தோன்றியது. ஃபேக்டரி லோரி டிரைவர் அப்பளசாமி நண்பன், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து இறக்குவதாக ஒப்புக்கொண்டான்.

அப்பா விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். புதன்கிழமை அவருக்கு இழுப்பு வந்து பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். அந்தச் செய்தி யார் மூலமோ சுங்கை ஆயர் தாவார் வரை போய்விட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் நன்றாகி வீட்டுக்கு வந்து இட்லி கேட்டார். அந்தச் செய்தி போகவில்லை. லயத்தில் டெலிபோன் ஏது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் தூறல். லோரி எஸ்டேட் சந்திப்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. உள்ளே செம்மண் சாலை சேறாகிக் கிடந்தது, இறங்கினால் ஏறாது என்று அப்பளசாமி சொல்லிவிட்டான். லயத்துக்கு முக்கால் மைல். சேது கலங்கவில்லை. நீளமான ஏணியைக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் தோளில் தூக்கினால் வால் பக்கம் யாரையாவது இடிக்கும், ஆகவே நாலு பேர், நாலு முனை. இது ஃபேக்டரிப் பாடம். மடக்கிய ஏணியைப் படுக்க வைத்து, அதன்மேல் மெத்தையைச் சுருட்டி நீளவாக்கில் வைத்துக் கயிற்றால் கட்டினான். தூறலில் பஞ்சு நனையக் கூடாது என்று வெள்ளைத் துணியைத் தலை முதல் கால் வரை இழுத்து மூடினான். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சொல்லியிருந்த இரண்டு மாலைகள் லோரியிலேயே இருந்தன. கையில் வைத்திருந்தால் கசங்கும் என்று அவற்றை மேலே பரப்பினான். சந்திப்புக்கு வந்திருந்த லயத்து ஆட்கள் நாலு பேர் தோள் கொடுத்தார்கள்.

சேது முன்னால் நடந்தான். புதுச் சட்டையில் சேறு படக் கூடாதே என்று கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தான். வெறும் மேல், வெறுங்கால், தலையில் துண்டு. ஜலதோஷம் வேறு, மூக்கையும் கண்ணையும் துடைத்துத் துடைத்துச் சிவந்திருந்தது. ஒவ்வொரு வேலையும் அதனதன் அளவில் புத்திசாலித்தனமான வேலை. எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை. சேற்றைப் பார்த்துக்கொண்டு, "மெதுவாலா, மெதுவா. தலப்பக்கம் சாயுது, தூக்கு" என்று சொல்லிக்கொண்டே போனான்.

பின்னால் ஒரு வேன் சத்தம் கேட்டது. சேது திரும்பிப் பார்த்தான். சந்திப்பைத் தாண்டி, பெரிய சாலைப் பாலத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வேன் நின்றது. கதவு திறந்தது. பட்டுப்புடவையில் இராஜம்மா இறங்கினார், இரண்டு அடி வைத்தார், நெஞ்சில் கை வைத்து நின்றார். வாசு இறங்கி அம்மாவைத் தாங்கிப் பிடித்தான். மாப்பிள்ளை வீட்டார் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். சேது துண்டை எடுத்து உயர்த்தி ஆட்டினான். சந்தோஷத்தில்தான் ஆட்டினான். இராஜம்மா வாயைப் பொத்திக்கொண்டார். எல்லாரும் ஏறிக்கொண்டார்கள், வேன் பின்னுக்குப் போய்த் திரும்பி, வந்த வழியே போய்விட்டது.

சேது ஓடினான். வேன் நின்ற இடத்துக்குப் போய் மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தபோதுதான் அவர்கள் பார்த்ததை அவனும் பார்த்தான். தூறலில் நாலு பேர் தோளில் ஒரு பாடை நின்றுகொண்டிருந்தது. வெள்ளைத் துணி, உள்ளே ஆள் நீளத்துக்கு உப்பலாக ஒன்று, மேலே மாலை. சந்திப்பில் பின்கதவு திறந்த லோரி. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து இறக்கியது மாதிரியே இருந்தது. முன்னால் நடக்க வேண்டிய கொள்ளிக்காரன் வெறும் உடம்போடு இங்கே நின்றுகொண்டிருந்தான். அட சண்டாளா, என்று சேது தன்னையே வைதுகொண்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானால் கூடப் பரவாயில்லை, கும்பிட்டுவிட்டாவது போகலாம். இவன் பிடித்தது பிணமாக ஆகிவிட்டது.

செய்தி அவனுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. தாய்மாமன் சிவானந்தம் வாசலில் நின்று, பரிசத்துக்கு வந்தவர்கள் சகுனம் பார்த்துத் திரும்பினால் திரும்பினதுதான் என்று தீர்ப்புச் சொன்னார். திலகம் மாம்பழ நிறப் புடவையில், தலை நிறையப் பூவோடு கதவுக்குப் பின்னால் நின்றாள். அண்ணனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் தலையிலிருந்த பூவை எடுக்கவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அதைப் பார்க்க அவனால் முடியவில்லை. மாமாவின் கப்சாய் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

கோபித்துக்கொண்டு போகிறவர்கள் வீட்டைப் பார்க்கப் போவார்கள் என்று கணக்குப் போட்டு, பெரிய சாலையில் பத்து மைல் ஓட்டினான். அந்தச் சின்ன வண்டி அவனைச் சுமந்துகொண்டு மேட்டில் முனகியது. வெள்ளை வேன் எதுவும் கண்ணில் படவில்லை. காலில் விழுவது, மண்ணைத் தொட்டுச் சத்தியம் செய்வது, ஏணியை ஆற்றில் போடுவது என்று எல்லாவற்றையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். சொல்லிக் கேட்க ஆள் இல்லை. மூன்று சம்பந்தத்தில் ஒன்றைத்தான் நான் கெடுத்தேன் என்று இதுவரை ஒரு ஆறுதல் இருந்தது, இப்போது கணக்கு இரண்டாகிவிட்டது. அழுதுகொண்டே திரும்பினான். ஹெல்மெட்டுக்குள் அழுதால் துடைக்கவும் வழியில்லை.

லயத்துக்குள் நுழையும்போதே ஒப்பாரி கேட்டது. அவர்கள் வீட்டிலிருந்துதான் வந்தது. பெண்கள் மாரடித்து அழுகிற சத்தம். அப்பாவுக்கு மனசு தாங்கவில்லை, மறுபடி இழுப்பு வந்துவிட்டது, முடிந்துவிட்டது. பாடை கட்டிக் கொண்டுவந்து அப்பாவைத் தானே அனுப்பிவிட்டோம் என்று சேது நினைத்தான். வண்டியைப் போட்ட இடம் தெரியாமல் போட்டுவிட்டு ஓடி, சேற்றில் விழுந்து, எழுந்து, "அப்பா" என்று கத்திக்கொண்டே கூட்டத்தைப் பிளந்தான்.

வாசலில் இராஜம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவை போய்ச் சாதாரணச் சேலை, கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. கூட வந்த இரண்டு பெண்களும் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

"பரிசந்தான் கொண்டு வந்தோம், பாதை பாத்து ஓடி வந்தோம்,
பாக்கு மாத்தும் முன்னால பயணம் நீங்க போனீங்களே..."

வாசு பக்கத்தில் தலை குனிந்து நின்றான். கையில் பெரிய சாவு மாலை. கோபித்துக்கொண்டு அவர்கள் எங்கும் போகவில்லை. சாவு வீட்டுக்குப் பட்டோடும் பரிசத்தட்டோடும் போகலாமா என்று திரும்பி, கலும்பாங்கில் தெரிந்தவர் வீட்டில் துணி மாற்றி, தட்டுகளை வேன் சீட்டுக்கடியில் மறைத்து, மாலை வாங்கிக்கொண்டு துக்கம் கேட்க இப்போதுதான் வந்து இறங்கி, யார் என்ன சொன்னதும் காதில் விழாமல் வாசலிலேயே ஒப்பாரி வைத்துவிட்டார்கள். சேது பத்து மைல் தாண்டித் தேடிக்கொண்டிருந்தபோது அவர்கள் பூக்கடையில் நின்றிருந்தார்கள்.

வீட்டுக்குள்ளிருந்து பட்டு வேட்டியோடு நாராயணசாமி வெளியே வந்தார். சத்தம் கேட்டு மருந்துத் தூக்கத்திலிருந்து எழுந்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எல்லாரையும் பார்த்தார்.

"யாரும்மா செத்தது?"

ஒப்பாரி பாதிச் சொல்லில் நின்றது. இராஜம்மா நிமிர்ந்து பார்த்து, வாய் திறந்தபடி இருந்தார். வாசு மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான், மறைகிற மாலையா அது? சேது அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதான், அவருடைய பட்டு வேட்டியெல்லாம் சேறாகிவிட்டது.

அதன்பிறகு நடந்ததுதான் மோசம். சிவானந்தம் மாமா குதித்தார். உயிரோடு இருக்கிற மனுஷனுக்குச் சாவு மாலை கொண்டுவந்துவிட்டார்கள், நல்ல நாளும் அதுவுமாக மங்கல வாசலில் மாரடித்துவிட்டார்கள், இனி இந்த வீட்டில் இன்று தட்டு மாற்றுவது நடக்காது, வேறு நாள் பார்த்துச் சொல்லி அனுப்புகிறோம் என்றார். உங்கள் வீட்டுப் பிள்ளை பாடை கட்டித் தூக்கி வந்தால் நாங்கள் என்ன நினைப்பது என்று வேனில் வந்த ஒருவர் திருப்பிக் கேட்டார். இரண்டு பக்கமும் குரல் ஏறிக்கொண்டே போனது. சொல்லி அனுப்புகிறோம் என்ற சொல் சேதுவுக்கு நன்றாகத் தெரியும். இந்த வாசலில் அதைக் கேட்டபிறகு யாரும் எதையும் சொல்லி அனுப்பியதில்லை.

குற்றம் முழுக்கத் தன்னுடையது என்று காட்டிவிட்டால் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தான். ஓடிப்போய், வீட்டோரம் இறக்கி வைத்திருந்த ஏணிமேலிருந்த வெள்ளைத் துணியை இழுத்தான், கயிற்றை அறுத்து மெத்தையைத் தள்ளினான், ஏணியை வாசலில் விரித்து நடுக் கம்பியைப் பூட்டினான். சத்தியம் காற்றில் போயிற்று. இது பாடை இல்லை, எட்டடி அலுமினிய ஏணி, படியில் வழுக்காத வரி போட்டிருக்கிறது, துருப்பிடிக்காது, நானே ஏறிக் குதித்துப் பார்த்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், வயர்மேன் மாப்பிள்ளைக்கு என்றே பொறுக்கி எடுத்து வந்தேன் என்று மூச்சு விடாமல் சொன்னான்.

வாசு கிட்டே வந்து, சட்டத்தில் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கரைக் குனிந்து படித்தான். ஃபேக்டரியில் அந்த ஸ்டிக்கரை ஒட்டுகிற வேலையும் சேதுவுடையதுதான்.

"கரண்டு கம்பி பக்கத்துல இத வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு மச்சான்," என்றான் மெதுவாக. "அலுமினியம்லா. ஏறினா அடுத்த மால நெசமாவே எனக்குத்தான்."

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். ஊருக்கெல்லாம் உயிர் பிழைக்க வழி சொன்ன சேது, வயர்மேனுக்குக் கரண்டு பாய்கிற ஏணியைச் சீராகக் கொண்டுவந்திருக்கிறான். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பான், ஆனால் அந்த எடைக்குப் பெரிதாகப் பிளக்க வேண்டும். சிரித்தவர்கள் சிரித்தார்கள், சிவானந்தம் மாமா சிரிக்கவில்லை. வேறு நாள்தான் என்று மறுபடி சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

அப்போது திலகம் வெளியே வந்தாள். பரிசத்துக்கு முன்னால் பெண் இப்படி வரக் கூடாது. வந்து, இராஜம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

"முன்னாடி மூணு பேரு வந்தாங்க மாமா. தேத்தண்ணி குடிச்சாங்க, சொல்லி அனுப்புறோம்னு போனாங்க. ஒருத்தருகூடத் திரும்பி வரல. இவங்க இங்க சாவுன்னே நெனச்சிருக்காங்க. நெனச்சும் திரும்பி வந்திருக்காங்க. எனக்கு வேற நாளு வேணாம்."

சிவானந்தம் மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இராஜம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தார், பிடித்த கையை விடவில்லை. நாராயணசாமி படியிறங்கி வந்து, கைகூப்பி அவர் முன்னால் நின்றார்.

"நான் போனா எம் புள்ளைக்கு யாரு இருக்கான்னு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு நெனச்சேன், தங்கச்சி," என்றார். "இன்னைக்குக் கண்ணால பாத்துட்டேன். தட்ட எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

வாசு வேனுக்கு ஓடினான். இராஜம்மா அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டார், முகம் கழுவத் தண்ணீர் கேட்டார். திலகம் செம்பில் கொண்டுவந்து ஊற்றினாள். அதற்குள் யாரோ பாயை விரித்தார்கள், விளக்கை ஏற்றினார்கள்.

சேது சமையற்கட்டுக்குப் போய் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதான். அன்று அந்த வீட்டில் அழுதவர்களிலேயே அதிகம் அழுதது அவன்தான். யாரும் வந்து அவனைத் தேற்றவில்லை. எல்லாரும் முன் அறையில் தட்டு மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.